டிராக் காருக்கு காயில்ஓவர் ஸ்பிரிங் தேர்வு: எடை மேடையில் தொடங்கும் வேலை

என் ஸ்விஃப்டுக்கு முதல்முதலாக காயில்ஓவர் (டேம்பர் என்கிற ஷாக் அப்சார்பரைச் சுற்றி ஸ்பிரிங் உட்காரும், உயரத்தை மாற்றக்கூடிய செட்) போட்டபோது முன்பக்கத்துக்கு 10 கிலோ ஸ்பிரிங், அதாவது ஒரு மி.மீ. அமுக்க 10 கிலோ தேவைப்படும் ஸ்பிரிங், வாங்கினேன். ஏன் பத்து என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. பக்கத்தில் நின்ற காரில் எட்டு இருந்தது, நமக்குப் பத்து இருக்கட்டும் என்ற எண்ணம்தான். சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் இரண்டு லேப் (சுற்று) ஓட்டியதுமே விஷயம் தெரிந்துவிட்டது. வளைவில் கார் சாய்வதே இல்லை, வெளியிலிருந்து பார்த்தவர்கள் எல்லாம் பிரமாதம் என்றார்கள். உள்ளே இருந்த எனக்குத்தான் டயர் ரோட்டில் நிற்கவில்லை என்பது தெரியும். பிரேக் போட்டால் முன்சக்கரம் தத்தித் தத்திப் போனது. லேப் டைம், கம்பெனி ஸ்பிரிங்கில் ஓட்டியதைவிட மோசம்.

ஸ்பிரிங் எண் என்பது கணக்கின் முடிவில் வரவேண்டிய விடை. நாம் பெரும்பாலும் அதைத்தான் முதலில் வாங்குகிறோம். இந்த வழிகாட்டியில் கணக்கை முதலிலிருந்து போட்டுப் பார்க்கலாம். உதாரணத்துக்கு 2011 முதல் 2017 வரை இங்கே விற்ற இரண்டாம் தலைமுறை மாருதி ஸ்விஃப்டை எடுத்துக்கொள்கிறேன். முன்னால் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (டேம்பரும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நிற்பது), பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரத்தையும் இணைக்கும், முறுக்கக்கூடிய தண்டு), வீல்பேஸ், அதாவது முன் பின் அச்சுகளுக்கு நடுவே உள்ள தூரம், 2,430 மி.மீ. போலோ, ஐ20 வைத்திருப்பவர்களுக்கும் வழி இதேதான், எண்கள்தான் மாறும்.

ஆரம்பிக்கும் முன் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவு செய்த வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்துகிறது. இன்ஷூரன்ஸ்காரர்களும் இதைத் துருவிப் பார்ப்பார்கள். நான் இங்கே சொல்வது டிராக்குக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கும் காருக்கு. தினமும் ஆபீஸ் போகும் காருக்கு இந்த எண்களைப் போட்டால் இடுப்பும் போகும், இன்ஜினுக்கு அடியில் உள்ள எண்ணெய்ச் சட்டியும் போகும்.

முதலில் டயரை முடிவு செய்யுங்கள்

டயரை மாற்றினால் மற்ற எல்லாக் கணக்கும் மாறும். அதனால் இந்த வருஷம் எந்த டயரில் ஓடப்போகிறீர்கள் என்பதை முதலில் தீர்மானியுங்கள். சாதாரண ரோடு டயருக்கு அதிகப் பிடிப்பு இல்லை, எனவே காரும் அதிகம் சாயாது, கடினமான ஸ்பிரிங்குக்கு அங்கே வேலை இல்லை. செமி ஸ்லிக் (கோடுகள் குறைந்த, பிடிப்பு அதிகமுள்ள டிராக் டயர்) போட்டால் வளைவில் விசை கூடும், அப்போது சாய்வைக் கட்டுப்படுத்தக் கொஞ்சம் கடினம் தேவைப்படும்.

டயரும் ஒரு ஸ்பிரிங்தான் என்பதையும் மறக்கக் கூடாது. காற்றடைத்த கார் டயர் ஒன்றின் செங்குத்துக் கடினம் தோராயமாக 20 கிலோ/மி.மீ. இருக்கும். அந்த ஸ்பிரிங்குக்கு டேம்பர் கிடையாது. நான் செய்ததுபோல 10 கிலோ ஸ்பிரிங் போட்டால், ரோட்டின் மேடு பள்ளத்தில் முன்பைவிட அதிகப் பங்கை அந்த டேம்பர் இல்லாத டயர் வாங்குகிறது. அது பந்து மாதிரி துள்ளும். என் முன்சக்கரம் தத்தியதற்குக் காரணம் இதுதான்.

எடை மேடைக்குப் போங்கள்

கம்பெனி புத்தகத்தில் உள்ள எடையை நம்பவேண்டாம். பின்சீட்டைக் கழற்றியிருப்பீர்கள், உள்ளே பாதுகாப்புக் கூண்டு போட்டிருப்பீர்கள், நீங்களே ஒரு எழுபது எண்பது கிலோ இருப்பீர்கள். ஊருக்கு வெளியே அரிசி ஆலை, இரும்புக் கடை பக்கம் லாரி எடைபோடும் மேடை எங்கும் இருக்கிறது. ஹெல்மெட்டோடு உள்ளே உட்கார்ந்து, பாதி டேங்க் பெட்ரோலோடு மூன்று தடவை எடை போடுங்கள்: முழுக் காரும் மேடையில், முன்சக்கரங்கள் மட்டும், பின்சக்கரங்கள் மட்டும். லாரிக்கான மேடை என்பதால் ஐந்து பத்து கிலோ முன்னே பின்னே இருக்கும். இந்தக் கட்டத்துக்கு அது போதும்.

மொத்தம் 1,050 கிலோ, அதில் 62 சதவீதம் முன்னால் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் 651, பின்னால் 399. ஒரு முன்சக்கரத்துக்கு 325, ஒரு பின்சக்கரத்துக்கு 200 கிலோ.

இந்த எடை முழுவதையும் ஸ்பிரிங் தாங்குவதில்லை. சக்கரம், டயர், பிரேக், ஹப் (சக்கரம் பூட்டும் மையம்) எல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குபவை. இந்த அளவு காரில் அதை முன்னால் 35, பின்னால் 30 கிலோ என்று கழித்துக்கொள்ளலாம். ஆக, ஒரு முன்ஸ்பிரிங்கின் மேல் உட்காரும் எடை 290 கிலோ, பின்னால் 170 கிலோ.

மோஷன் ரேஷியோ: எல்லோரும் தாண்டிப் போகிற இடம்

சக்கரம் 10 மி.மீ. மேலே போனால் ஸ்பிரிங் எத்தனை மி.மீ. அமுங்குகிறது? 9.5 என்றால் மோஷன் ரேஷியோ 0.95. ஸ்ட்ரட் உள்ள காரில் ஸ்பிரிங் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நிற்பதால் இது ஒன்றுக்கு அருகில் இருக்கும். பின்பீமில் ஸ்பிரிங், சக்கரத்தின் மையத்துக்கு முன்னால், பீம் கீலுக்கு நெருக்கமாக உட்கார்ந்தால் இது குறையும்.

அளப்பது எளிது. காரை ஸ்டாண்டில் ஏற்றி ஸ்பிரிங்கைக் கழற்றிவிடுங்கள். ஹப்புக்கு அடியில் ஜாக் வைத்து 10 மி.மீ. வீதம் தூக்கிக்கொண்டே, ஒவ்வொரு தடவையும் ஸ்பிரிங் உட்காரும் இரண்டு தட்டுகளுக்கு நடுவே உள்ள தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காரின் உண்மையான உயரத்துக்கு மேலும் கீழும் 30 மி.மீ. வரை அளந்தால் போதும். பின்பீமில் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே தூக்குங்கள், ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் பீம் முறுக்கிக்கொண்டு எண்ணைக் கெடுக்கும். பின்டேம்பர் தனி இடத்தில் நிற்பதால் அதன் ரேஷியோவையும் தனியாக எழுதி வையுங்கள்.

இந்த ரேஷியோவுக்கு ஏன் இவ்வளவு மரியாதை? கணக்கில் அது இரண்டு தடவை பெருக்கப்படுகிறது. ஸ்பிரிங்கின் கடினத்தை ரேஷியோவின் வர்க்கத்தால் பெருக்கினால்தான் சக்கரத்தில் வேலை செய்யும் கடினம் வரும். 0.8 என்றால் அதன் வர்க்கம் 0.64. அதாவது பின்னால் போட்ட 6 கிலோ ஸ்பிரிங், சக்கரத்தில் 3.84 கிலோவாகத்தான் தெரியும். முன்னால் அதே 6 கிலோ 5.4 ஆகத் தெரியும். நண்பர் காரில் என்ன எண் என்று கேட்டு வாங்குவது எவ்வளவு அபத்தம் என்பது இங்கேயே புரிந்துவிடும்.

முன்னால் 0.95, பின்னால் 0.8 என்று வைத்துக்கொண்டு மேலே போவோம். நீங்கள் உங்கள் காரில் அளந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனை ஹெர்ட்ஸ் வேண்டும்?

காரின் மூலையை அமுக்கிவிட்டால், டேம்பர் இல்லையென்றால், அது மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு நொடிக்கு எத்தனை ஆட்டம் என்பதுதான் ஃப்ரீக்வென்சி. எடை கூடினால் குறையும், ஸ்பிரிங் கடினமானால் கூடும். அதனால்தான் வேறு வேறு கார்களை ஒப்பிட கிலோ கணக்கைவிட ஹெர்ட்ஸ் கணக்கு நியாயமானது.

வீட்டுக் கார்கள் 1.2 முதல் 1.5 ஹெர்ட்ஸ் வரை. ரோட்டிலும் ஓடி டிராக்கிலும் ஓடும் காருக்கு 1.7 முதல் 2.2 வரை. ஸ்லிக் டயர் போட்ட, இறக்கை இல்லாத பந்தயக் காருக்கு 2 முதல் 2.5 வரை. அதற்கு மேல் போவதெல்லாம் காற்றழுத்தத்தால் கார் கீழே அழுத்தப்படும் வகை. பின்னால் பெரிய ஸ்பாய்லர் ஒட்டியிருப்பதால் நம் ஸ்விஃப்ட் அந்த வகையில் சேர்ந்துவிடாது.

பின்பக்கத்துக்கு முன்பக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம் வைப்பது வழக்கம். ஜெனரல் மோட்டார்ஸில் மாரிஸ் ஆலி 1930-களில் செய்த சோதனைகளிலிருந்து வந்த பாடம் இது: மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறும், பின்சக்கரம் தாமதமாக ஏறும், பின்பக்கம் வேகமாக ஆடினால் அந்தத் தாமதத்தை எட்டிப் பிடித்து கார் சமமாகிவிடும். அது சொகுசுக்கான காரணம். டிராக்கில் நமக்கு வேறு காரணம் உண்டு. முன்சக்கரம் இழுக்கும் காரில் வளைவில் மூக்கு வெளியே தள்ளும். பின்பக்கத்தைக் கடினமாக்கினால் கார் திரும்ப ஆரம்பிக்கும்.

செமி ஸ்லிக் போட்ட ஸ்விஃப்டுக்கு முன்னால் 2.0, பின்னால் 2.3 என்று இலக்கு வைப்போம்.

கணக்கு: ஹெர்ட்ஸை 6.283-ஆல் பெருக்கி, வந்ததை வர்க்கம் செய்து, ஸ்பிரிங் மேல் உள்ள எடையால் பெருக்கினால் சக்கரத்தின் கடினம் நியூட்டன்/மீட்டரில் வரும். முன்னால் 2.0-ஐ 6.283-ஆல் பெருக்கினால் 12.57, வர்க்கம் 157.9, அதை 290-ஆல் பெருக்க சுமார் 45,800. அதை 9,810-ஆல் வகுத்தால் 4.67 கிலோ/மி.மீ. இது சக்கரத்தில். ஸ்பிரிங்குக்குப் போக 0.95-இன் வர்க்கமான 0.9025-ஆல் வகுக்கவேண்டும்: 5.17.

பின்னால் 2.3-க்கு இதே வழியில் 35,500, அதாவது 3.62 கிலோ. 0.64-ஆல் வகுத்தால் 5.65.

கடையில் 5 கிடைக்கும், 6 கிடைக்கும், 5.17 கிடைக்காது. பின்னால் 6 என்பதில் சந்தேகமில்லை, 2.37 ஹெர்ட்ஸ் வரும். முன்னால் 5 போட்டால் 1.97, 6 போட்டால் 2.15. நான் 6 பக்கம் போவேன். மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட்டில் கார் சாயச் சாய வெளிச்சக்கரம் கேம்பரை (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம், மேல்பக்கம் உள்ளே சாய்ந்தால் மைனஸ்) இழந்து டயரின் ஓரத்தில் நிற்கும், சாய்வைக் கொஞ்சம் அடக்குவது அங்கே லாபம். ரோடு டயரில் ஓடுபவர் 5 எடுக்கட்டும். நான் முதலில் வாங்கிய 10 கிலோவை இதே கணக்கில் போட்டுப் பார்த்தேன்: 2.78 ஹெர்ட்ஸ்!

இரண்டு பக்கமும் 6 என்று வந்திருப்பதைக் கவனியுங்கள். பெட்டியில் ஒரே எண், காரில் இரண்டு வெவ்வேறு நடத்தை.

கால்குலேட்டர் தட்ட சோம்பலாக இருந்தால் ஒரு குறுக்கு வழி உண்டு. கார் தன் எடையில் உட்காரும்போது சக்கரக் கணக்கில் எத்தனை மி.மீ. அமுங்குகிறது என்று பாருங்கள். அதன் வர்க்கமூலத்தால் 15.76-ஐ வகுத்தால் ஹெர்ட்ஸ் வரும். முன்னால் 53.5 மி.மீ. அமுங்கினால் 2.15.

விட்டம், நீளம், அமுங்கும் தூரம்

ஸ்பிரிங் எண் தெரிந்தால் பாதி வேலைதான் முடிந்தது. உள்விட்டம் தட்டோடு பொருந்தவேண்டும். ஜப்பானிய வகைகளில் 60, 62, 65 மி.மீ., அமெரிக்க வகைகளில் இரண்டரை அங்குலம், அதாவது 63.5 மி.மீ. 62-க்கான தட்டில் 65-ஐப் போட்டு, கொஞ்சம் ஆடினால் என்ன என்று விடவேண்டாம். ஸ்பிரிங் ஒரு பக்கம் ஒதுங்கி டேம்பர் உடம்பில் உரசும்.

எண்களைப் படிப்பதற்கும் பழகுங்கள். ஸ்விஃப்ட் என்ற பெயரிலேயே ஜப்பானில் ஒரு ஸ்பிரிங் கம்பெனி இருக்கிறது, மாருதிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அவர்களின் இசட்65-178-060 என்றால் 65 மி.மீ. விட்டம், 178 மி.மீ. நீளம், 6 கிலோ. ஐபாக் கம்பெனியின் 0700.250.0350 என்றால் 7 அங்குல நீளம், இரண்டரை அங்குல விட்டம், அங்குலத்துக்கு 350 பவுண்டு. ஒரு கிலோ/மி.மீ. என்பது 56 பவுண்டு/அங்குலம். ஆக 350 என்பது நம் கணக்கில் ஆறேகால் கிலோ.

நீளத்தில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். நம் முன்ஸ்பிரிங்கின் மேல் 290 கிலோ, ரேஷியோவால் வகுத்தால் ஸ்பிரிங் தாங்குவது 305 கிலோ. 6-ஆல் வகுக்க, கார் சும்மா நிற்கும்போதே 51 மி.மீ. அமுங்கிவிட்டது. இனி ஓடும்போது என்ன ஆகும்? ஒரு ஜி (புவியீர்ப்பு) அளவில் பிரேக் பிடித்தால், எடையின் மையம் அரை மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், 1,050 கிலோவை 0.5-ஆல் பெருக்கி 2.43-ஆல் வகுக்க, 216 கிலோ முன்னால் வந்து சேரும். சக்கரத்துக்கு 108. மூக்கு 20 மி.மீ. இறங்கும். அதே நேரத்தில் வளைவு, கெர்ப் (டிராக் ஓரத்துத் திட்டு) இரண்டும் சேர்ந்து இன்னொரு 30 மி.மீ. ஆக நிற்கும் நிலையிலிருந்து 50 மி.மீ. மேலே போக இடம் வேண்டும்.

ரேஷியோவால் ஸ்பிரிங்கில் இது 47.5 மி.மீ.தான், பாதுகாப்புக்கு 50 என்றே வைத்துக்கொள்வோம்: 51-உம் 50-உம் சேர்ந்து 101. இப்போது 178 மி.மீ. நீளமுள்ள ஸ்பிரிங்கில் 11 மி.மீ. கம்பி ஏழு சுற்று இருந்தால், முழுக்க அமுங்கிச் சுருள் சுருளோடு ஒட்டும்போது உயரம் 77 மி.மீ. 178-இல் 77 போனால் 101. ஒரு மில்லிமீட்டர்கூட மிச்சம் இல்லை! சுருள் ஒட்டிய ஸ்பிரிங் இரும்புக் கட்டைதான், வளைவின் நடுவில் அது நடந்தால் முன்டயரின் பிடி ஒரேயடியாகப் போய்விடும். எனவே இங்கே 203 மி.மீ. நீளம்தான் சரி. தயாரிப்பாளர் பட்டியலில் ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் எவ்வளவு அமுங்கலாம் என்று போட்டிருப்பார்கள். எண்ணைவிட முதலில் அதைப் பாருங்கள்.

பின்பக்கத்தில் 170 கிலோவை 0.8-ஆலும், அப்புறம் 6-ஆலும் வகுக்க 35 மி.மீ.தான் அமுங்கியிருக்கும். உள்சக்கரம் வளைவில் தூக்கும்போது, டேம்பர் அதற்குமேல் நீளக்கூடியது என்றால் ஸ்பிரிங் தட்டை விட்டுக் கழன்று நிற்கும். இதற்குத்தான் மெல்லிய பட்டைக் கம்பியில் செய்த ஹெல்பர் ஸ்பிரிங். அது காரைத் தாங்காது, முதன்மை ஸ்பிரிங் நழுவாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். டார்ஷன் பீமில் ஸ்பிரிங்கும் டேம்பரும் தனித்தனியாக நிற்பதால், கண்டிப்பாகச் சொன்னால் இதைக் காயில்ஓவர் என்று அழைப்பதே தப்பு. பெட்டியில் அப்படித்தான் அச்சடிக்கிறார்கள், நாமும் அப்படியே சொல்லிவிட்டுப் போகலாம்.

பிரீலோட் பற்றிய கதை

ஸ்பிரிங் தட்டைத் தாங்கும் வளையத்தை மேலே திருகி ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கிவைத்தால் (இதுதான் பிரீலோட்) ஸ்பிரிங் கடினமாகும் என்று பாதி ஷெட்டுகளில் சொல்வார்கள். ஆகாது. கடினம் மாறாத 6 கிலோ ஸ்பிரிங்கை 10 மி.மீ. அமுக்கிவைத்தால் அதில் 60 கிலோ விசை சேர்ந்திருக்கும். காரோ 305 கிலோவை அதன் மேல் வைக்கிறது. 60-ஐத் தாண்டியதும் ஸ்பிரிங் பழையபடி மில்லிமீட்டருக்கு 6 கிலோதான். மாறியது இரண்டு: கார் உயர்ந்தது, சக்கரம் கீழே இறங்க மிச்சமிருந்த தூரம் குறைந்தது.

இதனால் வாங்கும்போது, அடியில் உள்ள பிராக்கெட்டைத் திருகி உயரத்தைத் தனியாக மாற்றக்கூடிய வகையாகப் பாருங்கள். தட்டை மட்டும் திருகும் வகையில் உயரத்தைக் குறைக்கக் குறைக்க டேம்பரின் பயணத்தைத் தின்றுவிடுகிறீர்கள்.

டேம்பர்

ஸ்பிரிங்குக்கு நூறு செலவழித்தால் டேம்பருக்கு நானூறு செலவழியுங்கள் என்பது என் கட்சி. கம்பெனி டேம்பர், கம்பெனி ஸ்பிரிங்குக்காகச் செய்தது. ஸ்பிரிங்கின் கடினம் இரண்டு மடங்கானால், அதே கட்டுப்பாட்டுக்கு டேம்பர் விசை சுமார் 1.4 மடங்கு வேண்டும். கம்பெனி டேம்பரில் அது இருக்காது. லோயரிங் ஸ்பிரிங் மட்டும் போட்ட கார்கள் நெடுஞ்சாலை மேம்பாலத்தின் இணைப்பைத் தாண்டியதும் இரண்டு மூன்று தடவை தலையாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான்.

எண்ணாக வேண்டுமென்றால்: நம் முன்மூலையில் 53,100 நியூட்டன்/மீட்டர் கடினம், 290 கிலோ எடை. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து இரண்டால் பெருக்க, சுமார் 7,850 நியூட்டன்-நொடி/மீட்டர். ஆட்டமே இல்லாமல் ஒரே மூச்சில் நின்றுவிடும் எல்லை இது. டிராக் காருக்கு மெதுவான அசைவில் இதில் 65 முதல் 70 சதவீதம் இருக்கவேண்டும். டைனோ தாள் (டேம்பரின் விசையை இயந்திரத்தில் அளந்த தாள்) கொடுக்கும் விற்பனையாளரிடம் இந்த எண்ணை வைத்துப் பேசலாம். தாள் கொடுக்காதவர் 32 கிளிக் (டேம்பர் விசையை மாற்றும் குமிழின் படிகள்) இருக்கிறது என்று மட்டும் சொன்னால், எத்தனை கிளிக்கில் விசை உண்மையில் மாறுகிறது என்று கேளுங்கள். மலிவான கிட்களில் பாதி கிளிக் வெறும் சத்தம்தான்.

பூட்டும்போது

இது மெக்கானிக் வேலை, நீட்டவில்லை. ரப்பர் புஷ் உள்ள லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே காரோடு இணைக்கும் கை) போல்ட்டுகளைக் கார் தரையில் நிற்கும்போது மட்டும் இறுதியாக முறுக்குங்கள். தொங்கவிட்டு முறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டு அதுவே ஒரு ஸ்பிரிங்காக வேலை செய்து, கொஞ்ச நாளில் கிழியும். பம்ப் ஸ்டாப்பை (டேம்பர் அடிவரை இடிக்காமல் தடுக்கும் ரப்பர்) வெட்டி எறியாதீர்கள். அது கடைசி ஸ்பிரிங். டேம்பர் தண்டில் ஒரு கேபிள் டையை இறுக்கிக் கட்டிவிடுங்கள். ஓடிவிட்டு வந்து பார்த்தால் எவ்வளவு தூரம் அமுங்கியது என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

உயரம்: இறக்க இறக்க நல்லதல்ல

படத்துக்கு அழகாக இருக்கும் என்று தரையோடு இறக்கிய ஸ்விஃப்ட் டிராக்கில் கம்பெனி காரைவிட அதிகம் சாயும். கேட்க விசித்திரமாக இருக்கலாம். காரின் எடை மையம் ஓர் உயரத்தில் இருக்கிறது, கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர் அதற்குக் கீழே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் சாய்க்கும் நெம்புகோல். மெக்ஃபெர்சனில் காரை 30 மி.மீ. இறக்கினால் எடை மையம் 30 மி.மீ. இறங்கும், ரோல் சென்டரோ அதைவிட அதிகமாக இறங்கும். நெம்புகோல் நீண்டுவிடும்.

கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். காருக்கு அடியில் குனிந்து லோயர் ஆர்மைப் பாருங்கள். சக்கரப் பக்கத்து பால் ஜாயின்ட், உள்பக்கத்துக் கீலைவிடக் கொஞ்சம் கீழே அல்லது சமமாக இருக்கவேண்டும். மேலே ஏறிவிட்டால் அதிகம் இறக்கிவிட்டீர்கள். பெரும்பாலான ஹேட்ச்பேக்குகளில் 25, 30 மி.மீ. இறக்கியதுமே இந்த எல்லை வந்துவிடும். அதற்குமேல் போக நீளமான தண்டுள்ள பால் ஜாயின்ட் தேவை.

நான்கு மூலை எடை

நான்கு தராசு, சமதளம், ஓட்டுநர் சீட்டில் ஆள், ஆன்டி ரோல் பார் (இரண்டு பக்கத்தையும் இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பி) லிங்க் ஒரு பக்கம் கழற்றியது, டயரில் சரியான காற்று. இதில் ஒன்று குறைந்தாலும் வரும் எண் பொய். தராசுகளின் மேற்பரப்பு ஒன்றுக்கொன்று ஒரு மி.மீ. வித்தியாசத்துக்குள் இருக்கட்டும்.

முதல் தடவை இப்படி வந்தது என்று கொள்வோம்: முன் இடது 330, முன் வலது 321, பின் இடது 181, பின் வலது 218. வலப்பக்கம் ஓட்டுநர் என்பதால் அந்தப் பக்கம் கனம், அது இயல்பு. பார்க்கவேண்டியது குறுக்குக் கோடு. முன் வலதும் பின் இடதும் சேர்ந்து 502, மொத்தத்தில் 47.8 சதவீதம். இந்தக் கார் ஒரு பக்கம் நன்றாகத் திரும்பும், மறுபக்கம் மூக்கைத் தள்ளும்.

முன் வலது வளையத்தையோ பின் இடது வளையத்தையோ மேலே திருகினால் அந்த இரண்டு மூலைக்கும் எடை கூடும். உயரம் கெடாமலிருக்க, ஒரே மூலையில் முழுக்கத் திருகாமல் நாலு மூலைக்கும் பங்கு போட்டு, இரண்டில் ஏற்றி இரண்டில் இறக்குங்கள். 318, 333, 193, 206 என்று வந்தால் குறுக்குக் கோடு 526, அதாவது 50.1 சதவீதம். கூட்டிப் பாருங்கள், முன்பக்க மொத்தமும் இடப்பக்க மொத்தமும் அப்படியே இருக்கும். அவற்றை மாற்ற வளையத்தால் முடியாது. பேட்டரியையோ சீட்டையோ இடம் மாற்றினால்தான் முடியும்.

அலைன்மென்ட்

உயரத்தை முடித்த பிறகு கேம்பர், அப்புறம் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு). கேம்பரைத் தொட்டால் டோ மாறும் என்பதால் வரிசையை மாற்றக் கூடாது. செமி ஸ்லிக் ஸ்விஃப்டுக்கு முன்னால் மைனஸ் 2.5 முதல் 3 டிகிரி கேம்பர், சக்கரத்துக்கு ஒரு மி.மீ. டோ அவுட் என்று தொடங்கலாம். இதற்கு ஸ்ட்ரட்டின் மேல்முனையில் கேம்பர் பிளேட் வேண்டும். பின்பீமில் திருகாணி எதுவும் கிடையாது, ஹப்புக்கும் பீமுக்கும் நடுவே ஷிம் (மெல்லிய தகடு) வைத்துத்தான் மாற்றவேண்டும்.

டிராக்கில் முதல் நாள்

இருங்காட்டுக்கோட்டை டிராக் 3.717 கி.மீ., 12 வளைவுகள். இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர் மாறிவிட்டது. சி1 (முதல் வளைவு) போன்ற வேகமான வளைவும் இருக்கிறது, இரண்டாம் கியரில் ஊர்ந்து திரும்பும் இடமும் இருக்கிறது. அதனால் செட்டப் பார்க்க நல்ல இடம். கோயம்புத்தூரில் செட்டிபாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கி.மீ.தான், ஒரே காலையில் நிறைய லேப் எண்ணலாம்.

முதல் செஷனில் எதையும் மாற்றாதீர்கள். ஐந்து லேப் சீராக ஓட்டுங்கள், கடைசி லேப்பை மெதுவாக்காமல் நேராக பிட்டுக்கு வாருங்கள். மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, சூடான டயரில் காற்று. காலையில் 26 பி.எஸ்.ஐ. வைத்துப் போனால் ஐந்தாறு ஏறியிருக்கும், அதை நான்கு டயரிலும் உங்கள் இலக்குக்கு இறக்குங்கள். சென்னை வெயிலில் மதியச் செஷனுக்கு மறுபடி பார்க்கவேண்டும். இரண்டு, டயரின் உள்ஓரம், நடு, வெளிஓரம் மூன்றிலும் வெப்பம். ரப்பருக்குள் குத்திப் பார்க்கும் ஊசி வெப்பமானிதான் சரி, தூரத்திலிருந்து பார்க்கும் வகை மேல்தோலின் வெப்பத்தை மட்டும் சொல்லும். உள்ஓரம் வெளிஓரத்தைவிட எட்டுப் பத்து டிகிரி அதிகம் இருந்தால் கேம்பர் சரி. வெளிஓரம் அதிகச் சூடு என்றால் கேம்பர் போதாது. நடு மட்டும் சூடு என்றால் காற்று அதிகம். மூன்று, கேபிள் டை. பம்ப் ஸ்டாப்பில் அழுந்தக் குத்தியிருந்தால், டேம்பர் கிளிக்கைத் தொடாமல் முதலில் உயரத்தையோ ஸ்பிரிங்கையோ பாருங்கள்.

அடுத்த செஷனிலிருந்து ஒரு தடவைக்கு ஒரே மாற்றம். டேம்பரை முழுக்க மூடி, அங்கிருந்து எத்தனை கிளிக் திறந்தது என்று எண்ணுவது வழக்கம். நடுவில் தொடங்குங்கள். திருப்பிய உடனே கார் தயங்கினால் அது டேம்பர், டோ சம்பந்தப்பட்டது. வளைவின் நடுவில் தொடர்ந்து மூக்குத் தள்ளினால் அது ஸ்பிரிங், ஆன்டி ரோல் பார் விவகாரம். பின்னால் ஒரு கிலோ கூட்டிப் பாருங்கள். வளைவிலிருந்து வெளியேறும்போது உள்பக்க முன்சக்கரம் வீணாகச் சுற்றினாலும் மருந்து பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. பின்பக்கம் சாய்வை அதிகம் தாங்கினால் உள் முன்சக்கரத்தில் எடை மிஞ்சும்.

ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டுத் தூக்கிவிட்டால், அதற்குமேல் பின்பக்கத்தைக் கடினமாக்கிப் பயனில்லை. தூக்கிய சக்கரத்திலிருந்து எடுத்துக் கொடுக்க எடை எதுவும் மிச்சமில்லை. பதற்றமான கார் மட்டும்தான் மிஞ்சும். வேகமான வளைவில் பயந்து ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் வீசும். அதனால் டிராக்குக்குப் புதியவர்கள் பின்னால் 6-க்குப் பதில் 5-இல் தொடங்குங்கள். மூக்குத் தள்ளும் கார் எரிச்சலூட்டும், அவ்வளவுதான். மழை வந்தால் எல்லோருமே பின்டேம்பரை நாலைந்து கிளிக் இளக்கிவிடுங்கள், பின் ஆன்டி ரோல் பார் தனியாகப் போட்டிருந்தால் லிங்கைக் கழற்றிவிடுங்கள்.

நாள் முடிந்து காரை லாரியில் ஏற்றும் முன் லாக் ரிங், டாப் மவுண்ட் நட், ஸ்ட்ரட் போல்ட் மூன்றையும் ஒரு சுற்று ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். புது ஸ்பிரிங் முதல் நாளில் ஓரிரு மி.மீ. உட்காரும். அதனால் வீட்டுக்கு வந்து நான்கு மூலை உயரத்தையும் மறுபடி அளந்து, நோட்டில் அன்றைய கிளிக், காற்று, டயர் வெப்பத்துக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். என் 10 கிலோ ஸ்பிரிங் ஜோடி இன்னும் ஷெட்டில் கிடக்கிறது, கதவு சாத்தாமல் முட்டுக் கொடுக்க நன்றாக இருக்கிறது.